ரிம்மில் ஏறும் முன் பாருங்கள்: வடசென்னையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் வாங்கும் வழி

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எண்ணூர் விரைவுச் சாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது என் காரின் பின்பக்க இடது டயர் போனது. ஏதோ ஒரு டிரெய்லரிலிருந்து விழுந்த போல்ட், கட்டைவிரல் தடிமன், டயரின் பக்கவாட்டில் ஏறியிருந்தது. கார் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2016 மாடல் ஆடி டிடி. அன்று தொடங்கி நான்கு டயரும் சரியாக மாட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. இடையில் தவறான டயருக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், ஒரு நாள் முழுக்க ஒரு சின்னச் சாவிக்காக வீணாக்கினேன், சரியான டயரையே உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு வந்தேன்.

விஷயம் தெரிந்திருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். நம் பக்கம் லாரி டயருக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 18 அங்குல ஸ்போர்ட்ஸ் டயருக்குக் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். உங்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. டயர் போன இடத்திலேயே செய்ய வேண்டியது

இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு சின்ன காற்றுப் பம்பும், ஓட்டையை அடைக்கும் திரவமும்தான் டிக்கியில் இருக்கும். டயரின் நடுப்பகுதியில் ஆணி ஏறியிருந்தால் அந்தத் திரவம் பக்கத்துக் கடை வரை கொண்டுபோய் விடும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை. காற்று இல்லாமல் நூறு அடி ஓட்டினாலும் ரிம் விளிம்பு அடிபடலாம், அதற்கு ஆகும் செலவு டயரைத் தாண்டிவிடலாம்.

ரெக்கவரி வண்டியை அழைத்தால், நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றும் பிளாட்பெட் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் கார்களை முன்பக்கம் மட்டும் தூக்கி இழுத்தால் கியர் பக்கம் சேதமாகும். எனக்கு ₹3,000 ஆனது. பிறகுதான் என் இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்ந்திருப்பது தெரிந்தது. பாலிசியை ஒரு முறை எடுத்துப் படித்துவிட்டு, அந்த எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள்.

2. ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

மறுநாள் காலை தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) பக்கம் லாரி டயர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோனேன். சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுக் காற்று ஏற்றினார். பக்கவாட்டில் வரிசையாகக் குமிழி வந்தது. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, பட்டன்ல ஏறியிருந்தா நானே உள்ள ஒட்டு போட்டுத் தந்திருப்பேன். இது சைடுல போயிருக்கு. ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்ற இடம். எவன் ஒட்டித் தரேன்னாலும் ஒட்டாதீங்க.” காசு வாங்கவில்லை.

அவர் சொன்னதுதான் விதி. தரையைத் தொடும் நடுப்பகுதியில், அதாவது அவர் பட்டன் என்று சொன்ன இடத்தில், சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையை, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டலாம். பட்டனும் பக்கவாட்டும் சேரும் தோள் பகுதியிலோ பக்கவாட்டிலோ இருந்தால் டயர் போனது போனதுதான். பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் கொப்புளம் வந்திருந்தாலும் அப்படியே. உள்ளே நூலிழை அறுந்ததன் அடையாளம் அந்தக் கொப்புளம், வேகத்தில் வெடிக்கலாம்.

அடுத்து மற்ற மூன்று டயர்களையும் பாருங்கள். பட்டன் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம், சட்டப்படியும் அதுதான் எல்லை. ஆனால் நம் ஊர் ஐப்பசி மழைக்கு 1.6 போதாது. அகலமான டயர் தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிப்பது சீக்கிரமே நடக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. ஆழம் பார்க்கும் கருவி சில நூறு ரூபாய்தான். உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். உள் விளிம்பு மட்டும் மொட்டையாக இருப்பது தாழ்வான கார்களில் அடிக்கடி நடக்கும், குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது.

3. எத்தனை டயர்?

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் கார் என்றால் ஒரே அச்சில் இரண்டையும் மாற்றினால் போதும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். நான்கும் ஒரே அளவு என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கட்டுக்குள் வரும், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் புது டயருக்கும் பழைய டயருக்கும் உள்ள ஆழ வித்தியாசம் முக்கியம். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு; அது வேகமாகச் சுற்றும்; முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் அதைச் சமாளித்துக்கொண்டே இருக்கும், சூடாகும், கெடும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். என் காரில் மற்ற மூன்றும் 3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தன. புது டயர் 7, 8 மில்லிமீட்டரில் வரும். அதனால் நான்கையும் மாற்றினேன்.

4. அளவைக் கதவிலிருந்து எடுங்கள், டயரிலிருந்து எடுக்காதீர்கள்

செகண்ட் ஹேண்ட் கார் என்றால் முந்தைய ஓனர் என்ன போட்டார் என்பது யாருக்குத் தெரியும்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். கம்பெனி அனுமதித்த அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த போட்டோவை வைத்துத்தான் எல்லாக் கடையிலும் பேச வேண்டும்.

என் காருக்கு 245/40 ஆர்18, 97 ஒய். 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 18 என்பது ரிம்மின் அங்குலம். 97 சுமை எண்: ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 93 என்று இருந்தால் 650 கிலோதான். கடைசி எழுத்து வேகம்: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர்.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்னும் பின்னும் வேறு அளவு. 18 அங்குல ரிம் உள்ள போர்ஷே 718 கேமனுக்கு முன்னால் 235/45, பின்னால் 265/45. இப்படி இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். போனில் ஒரு அளவை மட்டும் சொல்லி நான்கு டயர் வரவழைத்த கதைகள் உண்டு.

இங்கே இரண்டு பொறிகள்.

ஒன்று, “அந்த அளவு ஸ்டாக் இல்லை, 235/45 போட்டுக்கலாம், ரிம்முக்கு ஏறும்” என்பார்கள். ஏறும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 245/40 ஆர்18 டயரின் விட்டம் 653 மில்லிமீட்டர். 235/45 ஆர்18 என்றால் 669. பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், வளைவில் முழுதாகத் திருப்பினால் உரசலாம், இரண்டை மட்டும் மாற்றினால் நான் மேலே சொன்ன கிளட்ச் கதைதான்.

இரண்டு, “நம்ம ரோட்டுல யார் சார் 300ல போகப் போறாங்க, வி போதும்” என்பார்கள். வேக எழுத்து என்பது வேகத்துக்கு மட்டுமில்லை, டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் மணலி பக்கம் தார் ரோட்டில் வெறுங்கை வைத்துப் பாருங்கள், புரியும். ஸ்டிக்கரில் உள்ளதை விட மேலே போகலாம், கீழே போகாதீர்கள்.

5. எந்த வகை?

இந்த அளவுகளில் பெயர் தெரிந்த டயர்கள்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல், பிரெல்லி பி ஜீரோ, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, யோகோஹாமா அட்வான், குட்இயர் ஈகிள் எஃப்1. அப்போலோ நிறுவனம் 2021-ல் வ்ரெடெஸ்டைன் பெயரிலும் இங்கே கொண்டுவந்தது. எதை வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்கள் அளவில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

ஆனால் தேர்வு செய்யும்போது வடசென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓட்டுவது டிரெய்லர் ஓடிப் பள்ளமான ரோடு, மழையில் சுரங்கப்பாதை நிரம்பும் ஊர், பங்குனியிலிருந்து ஆவணி வரை கொதிக்கும் தார். அதனால் என் வரிசை: முதலில் ஈரப் பிடிப்பு, இரண்டாவது பக்கவாட்டு உறுதி, மூன்றாவது ஆயுள், கடைசியாகச் சத்தம். பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 200 பக்கம் என்றால் மென்மையான ரப்பர், நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 400-க்கு மேல் என்றால் நீடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளக்கும் விதம் மாறும் என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதன் பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஈரத் தரைப் பிடிப்புக்கான எழுத்து இருக்கும். இரட்டை ஏ இருந்தால் நல்லது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் போடும், பட்டன் பள்ளம் குறைவான அரை வழவழ டயரை ரோட்டுக்குப் போடாதீர்கள். மழையில் அது நம்மைக் காப்பாற்றாது.

ஒரு சில டயர்களில் கார் கம்பெனியின் தனி முத்திரை இருக்கும்: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேவுக்கு ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், ஆடிக்கு ஏஓ. வாரண்டியில் உள்ள கார் என்றால் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பழைய கார் என்றால் நான்கும் ஒரே மாடலாக இருந்தால் போதும். கிடைக்காத முத்திரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ரன்ஃபிளாட் டயரோடு (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) வந்த காருக்குச் சாதா டயர் போட்டால் ஸ்டெப்னி ஏற்பாடும் செய்ய வேண்டும், அதையும் இதையும் கலந்து போடவே கூடாது.

6. எங்கே கேட்பது, என்ன கேட்பது

நம் பக்கம் டி.எச். ரோடு, மாதவரம், ஜி.என்.டி. ரோடு, மணலி எங்கும் டயர் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் லாரி, டிரெய்லர் டயர். டயரைப் பற்றிய அறிவில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் 40 சதவீதப் பக்கவாட்டு உள்ள டயரை அலாய் ரிம்மில் கீறல் இல்லாமல் ஏற்றும் மெஷின் எல்லாரிடமும் இருக்காது. வாங்குவதும் மாட்டுவதும் வேறு வேறு இடமாக இருக்கலாம், தவறில்லை. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் கார் டயர் ஷோரூம்கள் உண்டு, கூவம் ஆற்றைத் தாண்டி ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போனால் இன்னும் கடைகள். நேரில் அலைவதற்கு முன் போன் போடுங்கள். ஆறு கடைக்குப் போன் செய்ய ஒரு மணி நேரம் போதும்.

போனில் இதை மட்டும் கேளுங்கள்: முழு அளவு சுமை எண்ணோடும் வேக எழுத்தோடும் சேர்த்து இருக்கிறதா, டயர் இப்போது கடையில் இருக்கிறதா வரவழைக்க வேண்டுமா, எந்த வருடம் எந்த வாரம் தயாரானது, ஜிஎஸ்டி சேர்த்து விலை என்ன, மாட்ட எவ்வளவு தனி. தயாரிப்பு வாரத்தைக் கேட்டதும் “எல்லாம் புது ஸ்டாக்தான் சார்” என்று பேச்சை மாற்றினால், அடுத்த கடைக்குப் போங்கள். நல்ல கடைக்காரர் டயரின் பக்கவாட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

கிடைப்பது ஏன் கஷ்டம் என்றால், 2020 ஜூனில் மத்திய அரசு வெளிநாட்டுப் புது டயர்களைக் கட்டுப்பாட்டு இறக்குமதிப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் பெற்றுத்தான் கொண்டுவர முடியும். இங்கே தயாராகாத அளவுகள் அதனால் தட்டுப்பாடாகவே இருக்கின்றன. 17 அங்குலம் வரை பெரும்பாலும் உடனே கிடைக்கும். என் 18 அங்குலத்துக்கு, சரியான கடை அமைந்த பிறகும் 11 நாள் ஆனது. 19, 20 அங்குலம் என்றால் மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, டயர் தேயும் முன்பே ஆரம்பியுங்கள். மழைக்கு முன் மாற்றுவதாக இருந்தால் ஆவணியிலேயே ஆர்டர் கொடுப்பது நல்லது.

எனக்குச் சொன்ன விலைகள் ஒரு டயருக்கு ₹16,500 முதல் ₹26,000 வரை இருந்தன. மிகக் குறைந்த விலை சொன்ன இடம்தான் எனக்கு மூன்று வாரத்தைத் தின்றது.

7. அட்வான்ஸ்: நான் மாட்டிக்கொண்ட இடம்

அந்தக் கடையில் ₹10,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீதில் “245/40 ஆர்18, 4 எண்ணம்” என்று மட்டும் எழுதித் தந்தார்கள். இரண்டு வாரம் கழித்து டயர் வந்தது. அளவு சரி. சுமை எண் 97-க்குப் பதில் 93. இரண்டு டயர் முந்தைய வருடத்தது, இரண்டு டயர் மூன்றரை வருடப் பழசு. நான் கேட்டபோது, “நீங்க கேட்ட அளவுதானே கொடுத்திருக்கோம்” என்றார்கள். ரசீதைப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மை. பணத்தைத் திரும்ப வாங்க மேலும் ஒரு வாரம் நடந்தேன். டயர் ரிம்மில் ஏறாமல் இருந்ததால் மட்டுமே பணம் திரும்பி வந்தது. ஏறியிருந்தால் “பயன்படுத்திய டயர்” என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

அதனால் அட்வான்ஸ் ரசீதில் இவ்வளவும் இருக்க வேண்டும்:

கம்பெனி, மாடல் பெயர், முழு அளவு, சுமை எண், வேக எழுத்து, நான்கும் எத்தனை மாதத்துக்குள் தயாரானவை, வரும் தேதி, இதில் எது மாறினாலும் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்ற ஒரு வரி, கடை முத்திரை. எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முடிந்தவரை யுபிஐயில் கொடுங்கள், தேதியோடு பதிவு இருக்கும்.

8. டயர் வந்ததும், ரிம்மில் ஏறும் முன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நான்கு டயரையும் வரிசையாகச் சாய்த்து வைக்கச் சொல்லி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

டாட் (டி-ஓ-டி) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் முடிவில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 3225 என்றால் 2025-ஆம் வருடம் 32-ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் காரைத் தூக்காமல் பார்க்க முடியாது. நான்கு டயரிலும் பார்த்து போட்டோ எடுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கேள்வி கேட்காமல் வாங்கலாம். இரண்டு வருடம் வரை என்றால் நிழலில் வைத்திருந்தார்களா என்று பார்த்து, விலை குறைத்துக் கேளுங்கள். அதற்கு மேல் நான் வாங்க மாட்டேன். நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். மூன்று வருடத்தைக் கடையிலேயே கழித்த டயருக்கு முழு விலை கொடுப்பதில் நியாயமில்லை.

அடுத்து ஐஎஸ்ஐ முத்திரை. கார் டயருக்கான இந்தியத் தர எண் 15633. வெளிநாட்டு டயராக இருந்தாலும் இங்கே விற்க இந்த முத்திரை வேண்டும். அது இல்லாத டயருக்கு இங்கே வாரண்டி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கையால் தடவிப் பாருங்கள். ரிம்மில் உட்காரும் விளிம்பு வளைந்தோ கிழிந்தோ இருக்கக் கூடாது. பட்டன் மேல் சின்ன ரப்பர் முடிகள் இருந்தால் மட்டும் புதுசு என்று நம்பிவிட வேண்டாம், வாரத்தைப் பார்ப்பதுதான் சரி.

9. மாட்டும் நாள்

எடுத்துப் போக வேண்டியவை: கையேடு, ஸ்டிக்கர் போட்டோ, அப்புறம் லாக் போல்ட் சாவி. திருட்டைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட் தனி வடிவத்தில் இருக்கும், அதைக் கழற்ற ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். டிக்கியில் டூல்ஸோடு இருக்க வேண்டியதை, முதல் முறை சக்கரத்தைக் கழற்றிய பிறகு எங்கே வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. அதைத் தேடி ஒரு நாள் போனது, கடைசியில் டேஷ்போர்டு பெட்டிக்குள் கையுறைக்குள் சுருட்டி வைத்திருந்தது. முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

கடையில் முதலில் நான்கு ரிம்மையும் அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுங்கள், புதுக் கீறல் வந்தால் பேச ஆதாரம். மெஷினின் கொக்கியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள். தாழ்வான காரை ரேம்பில் ஏற்றினால் முன் பம்பர் தட்டும், பலகை வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

வால்வைக் கட்டாயம் மாற்றுங்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் கடற்காற்றில் ரிம் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்த பிறகே புது டயரை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எங்கே ஓட்டை என்றே தெரியாமல் வாரத்துக்கு ஒரு முறை காற்று இறங்கும். சில கார்களில் வால்வோடு சேர்ந்தே காற்றழுத்த சென்சார் இருக்கும், மெஷின் கொக்கி அதில் பட்டால் உடையும் என்பதால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். என் காரில் சென்சார் இல்லை, சக்கரம் சுற்றுவதை வைத்தே கண்டுபிடிக்கும். மாட்டி முடித்ததும் மெனுவில் போய்ப் புதிதாகப் பதிவு செய்தால் போதும்.

இனி நான் தவறவிட்ட விஷயம். ஸ்போர்ட்ஸ் டயர்களில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்தே பட்டன் அமைத்திருப்பார்கள். பக்கவாட்டில் அவுட்சைடு என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். மாட்டிய பிறகு அந்தச் சொல் நான்கு சக்கரத்திலும் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். எனக்கு வலது முன் டயரில் இன்சைடு என்ற சொல் வெளியே தெரிந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை கார் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது. கடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பி மாட்டித் தந்தார்கள், ஆனால் திரும்ப ஒரு பேலன்சிங் (சக்கரம் ஆடாமல் சுற்ற எடை ஒட்டுவது), திரும்ப அரை நாள். டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் நான்கு சக்கரத்திலும் பாருங்கள்.

பேலன்சிங் எடைகள் ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் வகையாக இருக்கட்டும், விளிம்பில் கவ்வும் வகை அலாயைக் கீறும். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கடைசி இறுக்கம், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சில்தான். என் காருக்கு 120 நியூட்டன் மீட்டர். உங்கள் எண் கையேட்டில் இருக்கும்.

10. அலைன்மென்ட்

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை இது, புது டயர் போட்ட அன்றே செய்யுங்கள். பழைய டயரின் உள் விளிம்பு தேய்ந்திருந்தால் அதன் காரணம் இன்னும் காரில்தான் இருக்கிறது, ஒரு வருடத்தில் புது டயரையும் அதே போலத் தின்றுவிடும். முன் சக்கரம் மட்டும் பார்க்கும் இடம் வேண்டாம், நான்கையும் பார்க்கும் மெஷின் வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு விடியற்காலையில் மாதவரம் இருநூறடி ரோடு காலியாக இருக்கும்போது நேராக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அன்றே திரும்பப் போங்கள்.

11. பில், வாரண்டி, இன்சூரன்ஸ்

“பில் வேண்டாம்னா வரி குறையும்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை. புது டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என் கணக்கு: நான்கு டயர், ஒன்று ₹21,500 வீதம் ₹86,000. மாட்டவும் பேலன்சிங்குக்கும் ₹2,000. வால்வு ₹400. அலைன்மென்ட் ₹1,800. மொத்தம் ₹90,200. பழைய மூன்று டயருக்கு ₹1,200 கழித்தார்கள். கையிலிருந்து போனது ₹89,000. பழைய வரியாக இருந்தால் இன்னும் ஏழாயிரத்துக்கு மேல் கூடியிருக்கும்.

பில்லில் கார் எண்ணும் நான்கு டயரின் தயாரிப்பு எண்களும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். ஆணி, பள்ளம், கொப்புளம் எல்லாம் சாதாரணமாக அதில் வராது. குறை என்று ஒத்துக்கொண்டாலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்தப் பங்கைக் கழித்துக்கொள்வார்கள்.

இன்சூரன்ஸில் பலருக்குத் தெரியாத ஒன்று: வழக்கமான முழுப் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. விபத்தில் காரும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குக் கொடுப்பார்கள், அதுவும் புது டயர் விலையில் பாதி வரைதான். டயருக்கென்றே கூடுதல் பாதுகாப்பு சில கம்பெனிகள் தருகின்றன. தினமும் டிரெய்லர் ரோட்டில் போகிறவர்கள், பாலிசி புதுப்பிக்கும்போது அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள். நான் இந்த முறை சேர்த்திருக்கிறேன்.

12. பழைய டயரும் முதல் மாதமும்

பழைய டயரை மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளர்வது அதில்தான், மாநகராட்சி ஆட்கள் பார்த்தால் அபராதமும் போடுவார்கள். கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் கிழிந்த டயரைக் கொடுக்கும் முன், கிழிந்த இடத்தைக் கத்தியால் இன்னும் பெரிதாக அறுத்துவிடச் சொல்லுங்கள். ஒட்டி வேறு யாருக்காவது விற்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். நூறு கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

காற்றைக் காலையில், கார் ஓடும் முன் பிடியுங்கள். பகல் வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடித் தெரியும், அதைப் பார்த்துக் குறைத்தால் இரவில் கம்மியாகிவிடும். தாழ்வான பக்கவாட்டு உள்ள டயரில் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ கம்மியானாலும் பள்ளத்தில் ரிம் தட்டும். நான் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, தண்டையார்பேட்டைப் பெரியவர் கடை திறந்ததும் போய்விடுகிறேன். காற்று பிடித்துவிட்டு, நான்கு டயரையும் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். போன வாரம் பின் வலது டயரின் பட்டனுக்குள் செருகியிருந்த ஒரு இரும்புச் சீவலைக் குறடால் இழுத்துப் போட்டார். இன்னும் ஆழமாக இறங்கவில்லை.